வெள்ளையாக விட்ட இடம்

களுத்துறைக்குப் போகிறேன் என்றதும், கொழும்பில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மா, "இப்ப மங்குஸ்தான் சீசன் இல்லையே தம்பி" என்றார். அறுபத்து மூன்று வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட இன்னும் ஆள் இருப்பது சந்தோஷம்தான். பழம் வாங்கப் போகவில்லை, ஒரு ஆபீசைப் பார்க்கப் போகிறேன் என்றேன். இந்தியாவிலிருந்து விமானம் ஏறி வந்து ஆபீஸ் பார்க்கிறவனை என்ன செய்வது என்று தெரியாமல் இன்னொரு இடியப்பத்தை என் தட்டில் வைத்தார்.

முப்பத்திரண்டு வருடம் நீலகிரியில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். தண்ணீர்த் தொட்டியில் புழு பார்ப்பது, குளோரின் போடுவது, காய்ச்சல் கணக்கு எடுப்பது. காந்திகிராமத்தில் பயிற்சி எடுத்தபோது பொது சுகாதார வரலாறு என்று ஒரு வகுப்பு உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் பாதிப் பேர் தூங்குவோம். அந்தத் தூக்கத்திலும் காதில் விழுந்த ஒரு வரி: 1926, இலங்கை, களுத்துறை. பரீட்சைக்கு எழுதினேன், மறந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அந்த வரி திரும்ப வந்தது. வேறு ஒரு காரணமும் இருந்தது. அதை மலை ஏறும்போது சொல்கிறேன்.

கோட்டை நிலையத்திலிருந்து தெற்கே போகும் ரயிலில் வலது பக்கம் உட்காரச் சொல்வார்கள், அந்தப் பக்கம்தான் கடல். எனக்கு இடது பக்கமும் கிடைக்கவில்லை. கதவோரம் நின்று, இரண்டு பள்ளிக்கூடப் பையன்களின் பைகளுக்கு நடுவே கடலைத் துண்டு துண்டாகப் பார்த்தேன். களு கங்கைப் பாலத்தில் ரயில் ஏறியதும் பெட்டியில் பாதிப் பேர் கும்பிட்டார்கள். அக்கரையில் வெள்ளைத் தாதுகோபம். கீழே சாலையில் பேருந்துகள் நின்று, நடத்துநர் இறங்கி ஓடி உண்டியலில் காசு போட்டுவிட்டு வருகிறார். பயணம் நல்லபடியாக முடிய முன்பணம்.

களுத்துறை தெற்கு நிலையத்தில் நண்பர் காத்திருந்தார். ஓய்வு பெற்ற பி.எச்.ஐ.; அங்கே சுகாதார ஆய்வாளரை அப்படித்தான் சொல்கிறார்கள். சென்னையில் ஒரு டெங்கு பயிற்சிப் பட்டறையில் பழக்கமானவர், சிங்களவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். என்னை 'மல்லி' என்பார், தம்பி என்று அர்த்தம். நான் அவரை 'அய்யா' என்பேன். தமிழில் அது மரியாதை, சிங்களத்தில் அண்ணன். இரண்டு பேருக்கும் குறை இல்லாத சொல் அது ஒன்றுதான் கிடைத்தது.

தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் என்று மும்மொழியில் பலகை. தமிழ் வரி நடுவில். உள்ளே இளைஞர்களும் பெண்களும் நோட்டுப் புத்தகத்தோடு திரிகிறார்கள். பார்க்க ஒன்றும் இல்லை, உண்மையைச் சொன்னால். ஆனால் இந்த இடம்தான் அந்த 1926. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு இலங்கையின் முதல் சுகாதார அலகு தொடங்கியது இங்கேதான். அதுவரை அரசாங்க வைத்தியம் என்றால் ஆஸ்பத்திரி. நோயாளி வந்தால் பார்ப்பார்கள், வராவிட்டால் அவன் விதி. களுத்துறையில் அதைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் தரையில் ஒரு எல்லை கீறினார்கள். அந்த எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு உயிருக்கும், காய்ச்சல் வந்தவனுக்கும் வராதவனுக்கும், ஒரு அதிகாரி பொறுப்பு. அவருக்குக் கீழே கக்கூஸ், கிணறு, அம்மைப்பால் பார்க்க ஓர் ஆய்வாளர். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சியைக் கண்டுபிடிக்க ஒரு மருத்துவிச்சி.

"கட்டடம் இல்லை மல்லி, எல்லைதான் பெரிய விஷயம்" என்றார் அய்யா. "எல்லை போட்டால் யாரும் தப்ப முடியாது. செத்தால் என்னைக் கேட்பாங்க. என் எல்லைக்குள்ளே ஏன் செத்தான்?"

எங்கள் தொழிலில் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த மருத்துவிச்சியின் பெயர் இப்போது நீண்டுவிட்டது, குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தர். ஆனால் எந்த ஊரிலும் 'மிட்வைஃப் மிஸ்' என்றால்தான் ஆள் வருவார். ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர். நம் ஊரில் கிராம சுகாதார செவிலியருக்குச் சமவெளியில் 5,000 பேர் கணக்கு. அந்த மிஸ்ஸிடம் தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு என்று ஒன்று இருக்கும். கல்யாணம் ஆகி வந்தவுடன் பெயர் ஏறிவிடும். அதாவது கர்ப்பம் உண்டாவதற்கு முன்பே அரசாங்கம் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. 1930களில் இந்தத் தீவில் லட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். ஐம்பது பிரசவத்துக்கு ஒரு பிணம். இன்று லட்சத்துக்கு 30ஐ ஒட்டி. பணக்கார நாடாகி, பிறகு இதைச் சாதிக்கவில்லை. ஏழையாக இருக்கும்போதே செய்தார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் 1985இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் கண்ட இடங்கள் என்று கேரளத்தையும் இலங்கையையும் சேர்த்துப் பேசியது.

அய்யாவிடம் ஒரு பழைய மாருதி 800. நான்கு ஜன்னல்களில் இரண்டுதான் இறங்கும். ஹொரணை வழியாக அவிசாவளைக்குப் புறப்பட்டோம். பிப்ரவரி, ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நின்றன. தரை முழுக்கச் செம்பழுப்புச் சருகு. வெயில் மரத்துக்குள் நேராக இறங்குகிறது.

அவிசாவளை தாண்டி ஹட்டன் சாலையில் களனி ஆறு கூடவே வரும். கரவனல்லைக்கு அப்பால் ஓரிடத்தில் அய்யா வண்டியை நிறுத்தினார், தேத்தண்ணிக்கு என்று நினைத்தேன். ஆற்றுக்குள் இறங்கச் சொன்னார். மழை இல்லாததால் ஆறு மெலிந்திருந்தது. பாறைகளின் குழிகளில் தண்ணீர் தெளிவாகத் தேங்கி, சூரியன் அடிவரை தெரிந்தது. என் முதுகு தானாகக் குனிந்தது. பழக்க தோஷம். தண்ணீர் மட்டத்துக்குச் சமமாகப் படுத்தபடி மிதக்கிறதா, தலைகீழாகத் தொங்குகிறதா என்று புழுவைத் தேடியது கண். படுத்திருந்தால் அனோஃபிலிஸ்.

"1934லும் இப்படித்தான்" என்றார்.

அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மழைக்குப் பேர்போன இந்தப் பக்கத்து ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றன. தெளிந்த, வெயில் படும் குட்டை என்றால் மலேரியாவைச் சுமக்கும் குலிசிஃபேசிஸ் கொசுவுக்குக் கல்யாண வீடு. வறண்ட வடமத்தியில் இருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக மலேரியாவோடு பழகியவர்கள். கேகாலை, குருநாகல் பக்கத்து ஜனங்களுக்கு அந்தக் காய்ச்சலே புதிது. உடம்பில் எதிர்ப்பு கிடையாது. 1934 அக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்குள் சுமார் 80,000 பேர் போனார்கள். மொத்த ஜனத்தொகையே ஐம்பது லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிய நாடு.

பஞ்சமும் கொள்ளைநோயும் இந்தப் பக்கத்து நாடுகளுக்குப் புதிதில்லை. புதிது என்னவென்றால், செத்தவர்களிடம் ஓட்டு இருந்தது. 1931இலேயே இலங்கையில் 21 வயது ஆன ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை. பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களோடு சமமாக ஓட்டு வந்து மூன்றே வருடம். நமக்கு அது கிடைக்கக் குடியரசு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டனில் படித்துவிட்டு வந்த என்.எம். பெரேரா என்ற இளைஞர் தோழர்களோடு இந்தப் பள்ளத்தாக்குக் கிராமங்களில் நடந்தார். கொயினாவோடு பருப்பும் கொடுத்தார்கள், பட்டினி உடம்பில் மருந்து நிற்காது என்று. ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் 'பருப்பு மாத்தையா'. 1936இல் ருவன்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்கே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த உறுப்பினரும் தன் தொகுதிக்கு ஆஸ்பத்திரி கேட்காமல் சபையிலிருந்து ஊர் திரும்ப முடியாது. ஆஸ்பத்திரியும் மருத்துவிச்சியும் கிராமத்துக்குள் வந்தது கருணையால் என்று எனக்குத் தோன்றவில்லை, பயத்தால்தான். நல்ல பயம்.

1940களின் நடுவில் டி.டி.டி. தெளித்தார்கள். 1946இல் ஆயிரத்துக்கு 20ஆக இருந்த சாவு அடுத்த வருடமே 14. கொசுமருந்து மட்டுமா, ரேஷன் அரிசியும் புது ஆஸ்பத்திரிகளும் சேர்ந்தா என்று ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இரண்டு கட்சியும் அரசாங்கம் செய்த வேலையைப் பற்றித்தான் சண்டை போட்டது. 1951இல் அரசு ஆஸ்பத்திரிக் கட்டணமும் போயிற்று. 1963இல் நாடு முழுவதும் மலேரியா நோயாளிகள் 17 பேர். பதினேழு! அதோடு முடிந்தது என்று தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மறுபடி லட்சக்கணக்கில் வந்தது. உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுக்க 2016 செப்டம்பர் ஆகிவிட்டது.

கடையில் சாயத்தண்ணி குடிக்கும்போது அய்யா ஒன்று சொன்னார். 1971இல் வெளிநோயாளிகளுக்கு 25 சதம் கட்டணம் போட்டார்கள். சும்மா 25 சதம். கூட்டம் சட்டென்று குறைந்தது. 1977இல் எடுத்தார்கள். அந்தக் கட்டணம் வந்தபோது நிதி அமைச்சர் யார் தெரியுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் சிரித்தார். பருப்பு மாத்தையாதான்.

கித்துல்கல தாண்டினால் மலை. கினிகத்தேனை வளைவுகளில் மாருதி முதல் கியரில் மூச்சு வாங்கியது. வட்டவளையில் தேயிலை தொடங்கியதும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அய்யா கேட்கவில்லை, அவருக்குத் தெரியும்.

நான் இந்தப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். 1962. ஒன்பது வயதில், தோட்டத் தமிழரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் கணக்கில் எங்களை இந்தியாவுக்கு அனுப்பி வைத்தார்கள். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாமில் சில நாள், பிறகு கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்து. அம்மாவிடம் யாராவது பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால், "ஏழு பெத்தேன், மூணு தேறுச்சு" என்பார். நாற்றுப் பாவினவன் சொல்கிற மாதிரி. அதில் தேறியவன் நான். ஆய்வாளர் வேலைக்கு வந்து மற்றவர் வீட்டுச் சாவையெல்லாம் காரணம் கேட்டுக் கேட்டு எழுதிய எனக்கு, அந்த நாலு எதனால் போனது என்று தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. காய்ச்சல், சீத பேதி, "சும்மாவே சுருங்கிப் போச்சு". அவ்வளவுதான் பதில்.

வேடிக்கை என்னவென்றால், வைத்தியம் முதலில் வந்தது தோட்டத்துக்குத்தான், கிராமத்துக்கு அல்ல. 1872லேயே துரைமார் தொழிலாளிக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சட்டம். ராக்ஃபெல்லர்காரர்கள் இலங்கைக்குள் வந்ததும் கொக்கிப்புழுவுக்காகத்தான். 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் ஆரம்பித்தார்கள். கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்தால் சோகை. சோகை வந்தவன் கூடை தூக்க மாட்டான். கூடை தூக்காவிட்டால் லண்டனில் லாபம் குறையும். கணக்கு நேரானது. தமிழ்நாட்டிலிருந்து வரும் ஆளோடு புழுவும் வருகிறது என்று மண்டபத்திலேயே தடுத்து வைத்து, அம்மை குத்தி, பேதிக்குக் கொடுத்துத்தான் கப்பலேற்றினார்கள். என் தாத்தா போகும்போது தங்கிய முகாமில்தான் நான் வரும்போதும் தங்கினேன். இன்றும் ரயில் நிலையத்தின் பெயரே மண்டபம் கேம்ப்.

பிறகு 1948. குடியுரிமைச் சட்டம் வந்து, ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் ஒரே எழுத்தில் நாடற்றவர்கள். ஓட்டும் போயிற்று. 1947 தேர்தலில் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள், அடுத்த தேர்தலில் வேடிக்கை பார்த்தார்கள். கிராமத்தில் ஓட்டுக்குப் பயந்து மருத்துவிச்சி வந்த அதே வருடங்களில், தோட்டத்தில் கேட்க ஆள் இல்லாமல் போனது. தோட்டத்தை 1970களில் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகும் வைத்தியம் தோட்டத்தோடுதான். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. போத்தல் நாம் கொண்டுபோக வேண்டும். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சிவப்பு மிக்ஸர். போத்தலில் காகிதம் வெட்டி ஒட்டி அளவுக் கோடு மட்டும் மாற்றுவார்கள்.

"என் மேப்பில்..." என்று அய்யா ஆரம்பித்தார். சாலையைப் பார்த்தபடியே பேசினார். "1980களில் நான் இங்கேதான் பி.எச்.ஐ. ஆபீசில் சுவரில் என் ஏரியா மேப். கிராமம், டவுன் எல்லாம் பச்சை பென்சில். தோட்டம் எல்லாம் சும்மா வெள்ளை. நம்ம வேலை இல்லை. போகணும்னா தொரைகிட்ட கேட்கணும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை செத்தால் நான் ரிப்போர்ட் எழுதணும். அந்தப் பக்கம் செத்தால்..." கியரை மாற்றினார். "வெள்ளை."

எல்லைதான் பெரிய விஷயம் என்று காலையில் அவர் சொன்னது இப்போதுதான் முழுதாக விழுந்தது. நாங்கள் கப்பல் ஏறிய இரண்டு வருடத்தில், 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில், ரேஷன் வெட்டப்பட்டு மாவுக்கு வரிசை நின்ற காலத்தில், நாட்டில் ஆயிரம் குழந்தைக்கு ஐம்பது சொச்சம் என்றிருந்த சிசு மரணம் தோட்டங்களில் நூற்றைத் தாண்டியது. கிராமத்தானுக்குக் கொல்லையில் ஒரு பலாமரமாவது இருந்தது. லயத்தில் இருப்பவனுக்கு செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், பேர் விழுந்தால்தான் சோறு.

ஹட்டனில் அய்யா தன் மருமகன் வீட்டில் தங்கினார், நான் ஒரு லாட்ஜில். மறுநாள் காலை டிக்கோயாவுக்கு அப்பால் ஒரு தோட்டம். அங்கே ஒரு மிட்வைஃப் மிஸ்ஸோடு நடக்க அய்யா ஏற்பாடு செய்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அவரும் லயத்துப் பிள்ளைதான். தோட்டங்களில் தமிழ் பேசும் மிஸ் கிடைப்பது அபூர்வம் என்றார்கள். பல இடங்களில் சிங்களத்தில் கேட்டு, கையால் ஜாடை காட்டி, பிள்ளைத்தாய்ச்சி தலையாட்டுவதோடு ஆலோசனை முடிந்துவிடுமாம். கறுப்புக் குடை, தோளில் பை, பையில் பதிவேடு, தராசுக் கொக்கி. வெயிலுக்கும் மழைக்கும் நாய்க்கும் ஒரே குடை.

முதலில் பிள்ளைமடுவம். தாய்மார் பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போனதும் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். சாக்குத் தூளியெல்லாம் இப்போது இல்லை, சுவரில் மீன் படம், தரையில் பாய். விட்டத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணிக் கால்சட்டை போட்டு ஒவ்வொன்றாக மாட்டினார். கொக்கியில் தொங்கியதும் எந்தக் குழந்தையும் அழத்தான் செய்கிறது. உலகம் முழுக்க நான் பார்த்த வரையில் அதில் மாற்றம் இல்லை. ஆணுக்கு நீல அட்டை, பெண்ணுக்கு ரோஜா நிற அட்டை. உள்ளே மலைச்சரிவு மாதிரி வளைந்த கோடுகள், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. ஒரு வயது எட்டு மாதமான ஒரு பெண் குழந்தையின் புள்ளி பிறந்ததிலிருந்து பச்சையில் ஏறி, ஏழாம் மாதத்தில் படுத்து, ஆரஞ்சுக்குள் நழுவியிருந்தது.

"ஏழாம் மாசம் அம்மா மறுபடி மலைக்குப் போயிருச்சு" என்றார் மிஸ், அட்டையிலிருந்து கண் எடுக்காமல். கோட்டைப் பார்த்தே தாயின் வேலை நாள்களைப் படிக்கிறார். "காலையில ரொட்டி, மத்தியானம் ரொட்டி. நான் முட்டை குடுங்க, நெத்திலி குடுங்கன்னு சொல்லுவேன். அது தலையாட்டும். நாள் சம்பளம் பேருக்குத்தான், அதுவும் கிலோ நிரம்பினாத்தான். நான் சொல்றது எனக்கே வெக்கமா இருக்கும் ஐயா."

2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குள் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் நாட்டில் 17 சதவீதம், தோட்டங்களில் 32. பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது இப்போது. தாய்ச் சாவு ஒன்று நேர்ந்தால் மேலிடம் வரை விசாரணை. வரைபடத்தில் வெள்ளை இல்லை. 1990களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை பூசிவிட்டார்கள். டிக்கோயாவில் இந்திய அரசு கட்டிக் கொடுத்த 150 கட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது, 2017இல் நம் பிரதமர் வந்து திறந்தது. பளபளப்பாக இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோடு ஏழாம் மாதத்தில் படுத்தது ஆஸ்பத்திரி இல்லாததால் அல்ல. சம்பளச் சீட்டும் சமையல் பாத்திரமும் சுகாதாரத் துறையின் எல்லைக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

லயத்துக்கு ஏறும் படிகளில் மிஸ் பேசிக்கொண்டே வந்தார். 2022இல் பெட்ரோல் இல்லாத மாதங்களில் ஸ்கூட்டியை வீட்டில் போட்டுவிட்டு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தாராம். திரிபோஷா சத்துமாவு வரவில்லை. பை காலி. "வெறும் கையோட போனாலும் போகணும். போகாட்டி மறந்துட்டாங்கன்னு நெனப்பாங்க." அப்போதும் ஒரு பிரசவம்கூட வீட்டில் நடக்க விடவில்லை என்றார். அதில் மட்டும் குரலில் கொஞ்சம் கர்வம்.

எல்லாவற்றையும் புகழவும் அவர் தயாராக இல்லை. பதிவேடு என்றால் ஜனங்களுக்கு முதலில் பயம்தான் என்றார். அவருடைய அம்மா காலத்தில் பெயர் எழுதிக்கொண்டு போனால் பின்னாலேயே லொறி வரும், பெண்களை ஏற்றிக்கொண்டு போய்க் கருத்தடை ஆபரேஷன். கையில் காசு கொடுத்து அனுப்புவார்கள். சம்மதம் கேட்டார்களா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். "கைநாட்டு வாங்கினாங்க" என்றாராம். நீலகிரியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கும் இலக்கு இருந்தது, மாதத்துக்கு இத்தனை கேஸ் என்று. அதை அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. படி ஏறுவதில் மும்முரமாக இருந்தார்.

வழியில் டிஸ்பென்சரி. பழைய பிறப்பு இறப்புப் புத்தகம் இருக்குமா என்று கேட்டேன். அங்கே இருந்த பெரியவர் கதவுக்குப் பின்னால் அலமாரியைத் திறந்து காட்டினார். கீழ்த் தட்டில் கறையான் புற்று, அதன் மேல் சுண்ணாம்புப் பை. 1992இல் கம்பெனி மாறினபோது நிறைய ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றார். எங்கே? கையை மலைப் பக்கம் காட்டினார்.

இது நான் பிறந்த தோட்டமும் இல்லை. சும்மா கேட்டுப் பார்த்தேன்.

வெளியே வந்தபோது மிஸ்ஸுக்கு விஷயம் பிடிபட்டிருந்தது. பீலியில் தண்ணீர் குடித்துவிட்டு, குடையை என்னிடம் கொடுத்து, பையிலிருந்து எச் 512 ஒன்றை எடுத்தார். கர்ப்பவதிகளுக்கான அட்டை. முதல் பக்கத்தில் மூன்று எழுத்து: ஜி, பி, சி. எத்தனையாவது கர்ப்பம், எத்தனை பிரசவம், எத்தனை உயிரோடு.

"உங்க அம்மாவுக்கு எத்தனை ஐயா?"

"ஏழு பெத்தாங்க. மூணு தேறுச்சு."

அட்டையில் எழுதவில்லை, அது கணக்குக் காட்ட வேண்டிய அட்டை. பழைய ரசீதுத் தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதினார். பி 7, சி 3. கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப இப்பிடி ஒண்ணு எழுதிக்கிட்டுப் போனா எங்க எம்.ஓ.எச். டாக்டர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க. நாலும் எங்க, என்ன வருத்தம், நீ எத்தனை தரம் போய்ப் பாத்த, எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்." பிறகு, வேலைப் பழக்கத்தில் அடுத்த கேள்வி தானாக வந்தது. "ரெண்டு பிள்ளைக்கு நடுவுல எத்தனை வருசம் இடைவெளி?"

தெரியாது என்றேன்.

தாளை மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டார். மேல் லயத்தில் நாய் குரைக்கத் தொடங்கியது. இஸ்தோப்புத் திண்ணையில் யாரோ எட்டிப் பார்த்து, "மிஸ் வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார்கள். நாலாவது காம்பராவில் ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி, போன கிளினிக்குக்கு வரவில்லை. கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள், நம்பர் வாங்க வேண்டும். மிஸ் என் கையிலிருந்து குடையை வாங்கி, நாய்ப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.